வெள்ளை வண்டியின் அரை விநாடி

அத்தியாயம் 5

"அரை செகண்ட்! ஒழுங்கா ஒரு கொட்டாவி விடக்கூடப் பத்தாது. அதுக்காக மூணு மாடி ஏறணுமா மேடம்?"

கேட்டவன் சிட்டு. அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது. ஆள் எண்பத்தெட்டு கிலோ. மூன்றாவது மாடிக்கு வருவதற்குள் அவன் சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது. அவனுக்கு முன்னால் ஏறிய மேடத்துக்கு வயது ஐம்பத்து மூன்று. மூச்சுகூட வாங்கவில்லை. துப்பறியும் தொழிலில் இருபது வருஷம், சிட்டுவின் வாயைச் சகித்துக்கொண்டதில் ஆறு வருஷம் என்று அவர் தன் அனுபவத்தை இரண்டாகப் பிரித்துச் சொல்வார்.

"பேசாம வா. ஒரு பொண்ணு மூணு வாரமா தூங்கல. அந்த அரை செகண்ட்லதான் பதில் இருக்கு" என்றார் மேடம்.

சிட்டு வாயை மூடிக்கொண்டான். அந்தப் பெண் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்த விதம் அவனுக்கு இன்னும் கண்ணுக்குள்ளேயே நின்றது. கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். அவளுடைய கணவர் இந்த மூன்றாவது மாடியில் இருக்கும் கார் பத்திரிகையில் பதினைந்து வருஷமாக டெஸ்டர். புதிதாக வரும் வண்டிகளை ஓட்டிப் பார்த்து எது வேகம், எது சொகுசு என்று எழுதுகிறவர். மூன்று வாரத்துக்கு முன்னால், ஊருக்கு வெளியே கைவிடப்பட்டுக் கிடக்கும் விமான ஓடுபாதையில் இரண்டு காம்பாக்ட் எஸ்யூவிகளை வைத்து டெஸ்ட் நடந்தது. ஒன்று வெள்ளை, ஒன்று நீலம். சுற்றிலும் பொட்டல். அந்தப் பொட்டலில் இருப்பதே ஒரே ஒரு பழைய மோட்டார் ரூம் சுவர். வெள்ளை வண்டி நூறைத் தாண்டிய வேகத்தில் திரும்பி, தேடிப் போனதுபோல் அந்தச் சுவரில் மோதியிருந்தது. பிரேக் போட்ட தடமே இல்லை. வண்டியில் கோளாறு எதுவும் இல்லை. அவராகவே போய் மோதிக்கொண்டார் என்று போலீஸ் எழுதிக் கோப்பை மூடிவிட்டது.

அன்று காலையில் வீட்டில் சண்டை. "நான் சொன்ன வார்த்தைக்காகத்தான் செத்தாரான்னு மட்டும் எனக்குத் தெரியணும். ஆமான்னாலும் சொல்லிடுங்க" என்றாள் அந்தப் பெண். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அழுதிருந்தால் சிட்டுவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

பத்திரிகை ஆசிரியர் அவர்களைப் பார்த்ததுமே புலம்ப ஆரம்பித்தார்.

"வெள்ளை வண்டி கம்பெனிக்காரன் தினம் போன் பண்ணி என் உயிரை வாங்குறான் மேடம். உங்க டெஸ்டர் கணக்கு தப்பு, எங்க வண்டி அவ்வளவு மந்தம் கிடையாதுன்னு குதிக்கிறான். இதோ பாருங்க."

திரையில் ஒரு அட்டவணை. நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட ஒவ்வொரு வண்டிக்கும் எத்தனை விநாடி ஆனது என்ற கணக்கு. வண்டியின் முன் கண்ணாடியில் ஒட்டி வைக்கும் சின்னக் கருவி தானாகவே குறித்தது. ஒவ்வொரு வண்டியையும் போகும் திசையில் மூன்று தடவை, வரும் திசையில் மூன்று தடவை ஓட்டிச் சராசரி எடுப்பது டெஸ்டரின் வழக்கம். காற்றோ மேடோ ஒரு வண்டிக்கு மட்டும் உதவி செய்துவிடக் கூடாது என்பதற்காக.

நீலம், போக: 11.8, 11.8, 11.9. வர: 11.8, 11.9, 11.8.

வெள்ளை, போக: 11.4, 11.4, 11.5. வர: 11.9, 12.0, 11.9.

"சராசரி போட்டா ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். ரெண்டு வண்டியும் ஒண்ணுதான்னு போட்டா எவன் பத்திரிகை வாங்குவான்?" என்றார் ஆசிரியர்.

"அந்தக் கடைசி 11.9?"

ஆசிரியரின் குரல் இறங்கியது. "அதுதான் மேடம். நூறைத் தொட்டிருக்கு. நூத்தி நாலு வரைக்கும் போயிருக்கு. அதோட சரி."

மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் போனார். "நீல வண்டி எந்தப் பக்கம் போனாலும் ஒரே மாதிரி இருக்கு. வெள்ளை மட்டும் போகும்போது குதிரை, வரும்போது கழுதை. நடுவுல என்ன நடந்துச்சு?"

"நடுவுல சாப்பாடு" என்றார் ஆசிரியர். "எங்க கேமராக்காரர் நீல வண்டியை ஷோரூம்ல திருப்பிக் கொடுக்கப் பன்னெண்டு மணிக்குக் கிளம்பிட்டார். டெஸ்டர் வெள்ளை வண்டியை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு, மிச்சத்தை ஓட்டத் தனியா திரும்பி வந்தார்."

"சாப்பிட்டதுல அரை செகண்ட் கூடியிருக்குன்னா பலமான சாப்பாடுதான்" என்றான் சிட்டு.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் மேடம் அவனை முறைக்கவில்லை. திரும்பி ஏற இறங்கப் பார்த்தார். கசாப்புக் கடைக்காரர் ஆட்டைப் பார்ப்பது போலிருந்தது சிட்டுவுக்கு.

"உனக்கு மதியம் வேலை இருக்கு" என்றார்.

~

ஓடுபாதையில் வெயில் கண்ணைக் கூச வைத்தது. அதே மாடலில் வேறொரு வெள்ளை வண்டியைக் கம்பெனிக்காரர்களே சந்தோஷமாக அனுப்பி வைத்திருந்தார்கள். ஸ்டியரிங்கில் கேமராக்காரர். அவருக்கும் டெஸ்டருக்கும் ஏறக்குறைய ஒரே உடம்புவாகு. தூரத்தில் அந்த மோட்டார் ரூம் சுவர். ஒரு மூலை பெயர்ந்து செங்கல் தெரிந்தது. மூவருமே அந்தப் பக்கம் பார்க்காமல் வேலை செய்தார்கள்.

கேமராக்காரர் வண்டியிலிருந்து மிதியடிகளை ஒவ்வொன்றாக உருவி வெளியே போட்டார்.

"அவர் இப்படித்தான் மேடம். டெஸ்ட்னா வண்டிக்குள்ள ஒரு துரும்பு இருக்கக் கூடாது. குடை, கேமரா பை, தண்ணி பாட்டில், எல்லாம் வெளியே. ஒரு தடவை என் டிபன் பாக்ஸை இறக்கி வெச்சுட்டார். காக்கா வந்து ஒரு வழி பண்ணிடுச்சு. 'உங்க சாப்பாட்டுக்காக வண்டிக்கு நான் துரோகம் பண்ண முடியாது'ன்னு சொல்லிட்டு, அவர் சாப்பாட்டுல பாதியைக் கொடுத்தார்." அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்றே வைத்துக்கொள்ளலாம்.

போகும் திசையில் 11.5. வரும் திசையிலும் 11.5.

"மேடு பள்ளம் இல்ல" என்றார் மேடம். "காத்து?"

"அவர் நோட்லயே எழுதியிருக்காரே. காலையில 'காற்று இல்லை'. மத்தியானமும் 'காற்று இல்லை'."

"சரி. சிட்டு, முன் சீட்ல ஏறு."

"எதுக்கு மேடம்?"

"உன் உடம்பு நாட்டுக்கு உபயோகப்படப் போகுது."

சிட்டு ஏறினான். வண்டி சீறிக் கிளம்பியதில் முதுகு சீட்டோடு அப்பிக்கொண்டது. சுவர் சரசரவென்று பெரிதாகி வலப்பக்கமாக விலகிப் போனது. நூறைத் தொட்டதும் கருவி கீச்சென்றது. 12.3.

"முக்கால் செகண்டுக்கு மேல போச்சு" என்றார் கேமராக்காரர், கொஞ்சம் மனத்தாங்கலோடு.

"நான் ஏறினா லிஃப்டே யோசிக்கும் சார். இது பாவம் சின்ன வண்டி."

மேடம் சிரிக்கவில்லை. சிட்டுவை இறக்கிவிட்டு, இருபது லிட்டர் தண்ணீர் கேன் மூன்றை அந்த இடத்தில் வைத்து பெல்ட் போட்டுக் கட்டச் சொன்னார். இரண்டு தடவை ஓட்டச் சொன்னார். 12.0. மறுபடியும் 12.0.

 சூடான என்ஜின் டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது.

"கிட்டத்தட்ட அறுபது கிலோ. டிபன் பாக்ஸையே இறக்கி வெச்ச மனுஷன், அறுபது கிலோவை முன் சீட்ல வெச்சுக்கிட்டு மூணு தடவை ஓட்டியிருக்கார்" என்றார் மேடம்.

கேமராக்காரரின் முகம் வெளிறியது. "அப்ப அவர் தனியா இல்லையா? அந்தச் சீட்டுப் பக்கக் கதவு திறந்து கிடந்துச்சு மேடம். மோதின வேகத்துல திறந்துக்கிச்சுன்னு சொன்னாங்க."

"சுவர்ல மோதினது எந்தப் பக்கம்?"

"அவர் பக்கம். இந்தப் பக்கம் கண்ணாடிகூட உடையல."

~

திரும்பும்போது மேடத்தின் பழைய காரைச் சிட்டுதான் ஓட்டினான். பாதி தூரம் அடக்கிப் பார்த்தான். முடியவில்லை.

"அறுபது கிலோன்னா பொம்பளைதான் மேடம். சாப்பாட்டு நேரம், ஆளில்லாத இடம், சொல்லாம கொள்ளாம ஓடிப் போன ஆள். இதை அந்தப் பொண்ணுகிட்ட போய் எந்த வாயால சொல்றது? தற்கொலைன்னே இருந்துட்டுப் போகட்டும்."

"காதலியா இருந்தா, இறங்கி அந்த ஓரமா நில்லு, வண்டியை எப்படி விரட்டறேன் பாருன்னு சொல்லியிருப்பார். அவள் நின்னு கை தட்டியிருப்பாள். டெஸ்டும் கெட்டிருக்காது" என்றார் மேடம். "நல்லா யோசி. ஒரு பன்னெண்டு செகண்ட். அந்தப் பன்னெண்டு செகண்டுகூட இறக்கி விட முடியாத ஆள் யாரு?"

"கைக்குழந்தை" என்றான் சிட்டு, வாய்க்கு வந்ததை.

"ம். அறுபது கிலோ கைக்குழந்தை."

சிட்டுவின் கால் தானாக ஆக்சிலரேட்டரை விட்டது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுத் தாண்டிப் போனான்.

அந்த வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். டெஸ்டரின் அப்பா. தெருவே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். நாற்பது வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். இப்போது ஞாபகம் கரைந்துகொண்டிருந்தது. சில நேரம் மகனைத் தெரியும், சில நேரம் தெரியாது. கதவைத் திறந்துகொண்டு கால் போன போக்கில் போய்விடுவார் என்பதால் வாசல் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். காலையில் பார்த்துக்கொள்ள வரும் அம்மா பன்னிரண்டு மணிக்குப் போய்விடுவாள். மதியம் மகன் வந்து சோறு ஊட்டித் தாழ் போட்டுவிட்டுப் போவார். நாலு மணிக்கு மருமகள் வந்து திறப்பாள். அன்று அவள் வந்தபோது வெளித்தாழ்ப்பாள் போடப்படவில்லை. மாஸ்டரைக் காணவில்லை. சாயங்காலம், அவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்ட ஒரு பஸ் டிரைவர் எங்கோ ஒரு நிழற்குடையில் உட்கார்ந்திருந்தவரை அடையாளம் கண்டு கூட்டி வந்து விட்டார். நெற்றியில் வீக்கம், நெஞ்சுக்குக் குறுக்கே வார் பிடித்தாற்போல் ஒரு கன்றல். எங்கேயோ விழுந்திருக்கிறார் என்று நினைத்தார்கள். அதே நேரத்தில் போலீசும் வாசலுக்கு வந்துவிட்டதால் அதற்குமேல் யாரும் நினைக்கவில்லை.

"திரும்பி வரப் போற மனுஷன் அப்பாவை அப்படித் திறந்து போட்டுட்டுப் போவாரான்னு அந்தப் பொண்ணு கேட்டாளே" என்றார் மேடம். "தாழ்ப்பாள் எதுக்கு? அப்பா வெளியே போகாம இருக்க. அப்பாவே கூட வந்துட்டா, தாழ்ப்பாள் எதுக்கு?"

"மேடம், வேணாம்." சிட்டுவின் குரல் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. "டயர் வெடிச்சுதுன்னு சொல்லிடலாம். சத்தியமா சொல்றேன், நானே சொல்றேன்."

"டயர் வெடிக்கலன்னு போலீசே எழுதிக் கொடுத்திருக்கு. அவள் என்ன முட்டாளா?" மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "சொன்னா அந்தப் பெரியவரை அவள் எப்படிப் பார்ப்பாள்? அதான் எனக்கும் பயமா இருக்கு. அதோட, கூட உட்கார்ந்திருந்தாருங்கறது சரி. என்ன நடந்துச்சுன்னு இன்னும் நமக்குத் தெரியாது."

ஆறு வருஷத்தில் மேடத்தின் வாயிலிருந்து பயம் என்ற வார்த்தையைச் சிட்டு கேட்டது அதுதான் முதல் தடவை.

~

கதவைத் திறந்தவளுக்குப் பின்னால் மாஸ்டர் நின்றிருந்தார். ஒல்லியான உடம்பு, அயர்ன் செய்த சட்டை, பையில் பேனா. அவர் மேடத்தைப் பார்க்கவில்லை, சிட்டுவைப் பார்க்கவில்லை. தெருவில் நின்ற காரைப் பார்த்தார்.

"கிளாஸுக்கு நேரமாச்சே" என்றார்.

"கார்னா உயிரு" என்றாள் அவள், அலுப்போடு. "ஏறிட்டா இறங்க மாட்டார். அவர் இருந்தா சாயங்காலம் ஒரு ரவுண்டு அடிச்சுக் கூட்டிட்டு வருவார். இப்ப நான் என்ன பண்றது?"

"ஒரு சின்ன ரவுண்டு நாங்க கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று மேடம் கேட்டார். "நீ இங்கயே இரும்மா."

"ஐயோ, நான் இல்லாம முடியாது மேடம். நடுவுல ரகளை பண்ணுவார்."

மேடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. பின் சீட்டில் மேடத்துக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

மாஸ்டர் முன் சீட்டில் உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். உடம்பு நிமிர்ந்தது. முகத்தில் பத்து வயது குறைந்தது. வீட்டு வாசலில் நின்ற ஆள் வேறு, இவர் வேறு என்று தோன்றியது சிட்டுவுக்கு.

"சீட்டை முன்னாடி தள்ளு. வயிறு இடிக்குதுன்னா கொஞ்சமா சாப்பிடு. கண்ணாடியைப் பாரு. கிளட்ச். ம், விடு, மெதுவா விடு."

"சரிங்க சார்."

"மாஸ்டர்னு சொல்லு."

"சரிங்க மாஸ்டர்."

தெரு காலியாக இருந்தது. இருபதில் போனார்கள், முப்பதில் போனார்கள். மாஸ்டர் சந்தோஷமாகத் தலையாட்டினார். "பரவாயில்ல, உனக்குக் கை வருது" என்று பாராட்டக்கூடச் செய்தார். சிட்டு கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தான். மேடம் மெல்லத் தலையசைத்தார். அவன் கொஞ்சம் அழுத்தினான். நாற்பது. நாற்பத்தைந்து.

மாஸ்டரின் சிரிப்பு நின்றது. பக்கத்தில் இருப்பவன் யார் என்பதுபோல் சிட்டுவை ஒரு பார்வை பார்த்தார். அவருடைய வலது கால் தரையை ஓங்கி மிதித்தது.

"பிரேக்!"

இன்னொரு மிதி. அவருடைய டிரைவிங் ஸ்கூல் காரில் மாஸ்டர் காலுக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. நாற்பது வருஷம் எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய பிரேக். அந்தக் கால் இப்போது வெறும் மிதியடியை மிதித்து மிதித்துத் தேடியது. இல்லை என்றானதும் கை பாய்ந்தது. இவ்வளவு ஒல்லியான கையில் அத்தனை பலம் இருக்கும் என்று சிட்டு எதிர்பார்க்கவில்லை. ஸ்டியரிங் அவன் பிடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு திரும்பியது. கார் நடைபாதையில் ஏறி, ஒரு குப்பைத்தொட்டியைத் தள்ளிவிட்டு, வேலியில் உரசி நின்றது. தயாராக இருந்ததால்தான் அவனால் அந்த மட்டுக்காவது நிறுத்த முடிந்தது.

யாருக்கும் அடி இல்லை. மாஸ்டருக்கு மட்டும் மூச்சு இரைத்தது. கோபத்தில் கன்னம் துடித்தது.

"காது கேக்காதா உனக்கு? இப்படித்தான் அன்னிக்கு ஒருத்தன். நல்ல பெரிய ரோடு. அருமையா ஓட்டுனான், சிரிச்சுக்கிட்டே ஓட்டுனான். ரெண்டு ரவுண்டு நல்லாத்தான் போனான். திடீர்னு என்ன வேகம்! சொல்லச் சொல்லக் கேக்கல. நான்தான் பிடிச்சுத் திருப்பினேன். இல்லைன்னா என்ன ஆயிருக்கும்?"

 சிட்டுவுக்குப் பின் சீட்டைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. சொல்வதற்கு ஒரு வேடிக்கைப் பேச்சு கிடைக்குமா என்று மனசுக்குள் தேடிப் பார்த்தான். ஒன்றும் இல்லை.

பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"மாமா கூட இருந்தாரா?"

"ஆமாம்மா" என்றார் மேடம்.

"மூணு தடவையும்?"

"மூணு தடவையும். முதல் ரெண்டு தடவை மகன்னு தெரிஞ்சிருக்கு. மூணாவது தடவை பாதியில மறந்துட்டார். உன் புருஷன் சாகப் போகலம்மா. இவரை வெச்சுக்கிட்டு ஓட்டினா கணக்குத் தப்பாயிடும்னு அவருக்குத் தெரியாதா? அவர் டெஸ்ட் பண்ணல. அப்பாவுக்கு ரவுண்டு காட்டிட்டு இருந்தார்."

அவள் அழ ஆரம்பிப்பாள் என்று சிட்டு காத்திருந்தான். அவள் பேசினாள். ஒவ்வொரு வார்த்தையாக, தனக்குத்தானே படித்துக் காட்டுவதுபோல் பேசினாள்.

"அன்னிக்குக் காலையில நான் சொன்னேன் மேடம். 'உங்கப்பாவை எங்கயாவது கூட்டிட்டுப் போயிடுங்க, என்னால முடியல'ன்னு கத்தினேன். அவர் பதிலே பேசல. நான் சொன்னதைத்தான் செஞ்சிருக்கார். கூட்டிட்டுப் போயிருக்கார்."

 மேடம் கை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு பாரத்தை இறக்கி வைக்கப் போய் வேறொன்றை ஏற்றிவிட்டோமே என்று நினைத்தான் சிட்டு. துப்பறிகிற பிழைப்பே வேண்டாம் என்று அந்த நிமிஷம் தோன்றியது.

அவள் கையை விடுவித்துக்கொண்டு இறங்கினாள். முன் கதவைத் திறந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் சிட்டுவுக்குப் பயம் வந்தது. இறங்கி நடுவில் போய் நிற்கலாமா என்று பெல்ட்டில் கை வைத்தான். மாஸ்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபமெல்லாம் போய்விட்டிருந்தது. தப்புச் செய்த குழந்தை மாதிரி ஒரு கலக்கம் மட்டும் இருந்தது.

"ஏம்மா, அந்தப் பையன் அப்புறம் வரவே இல்லையே. நான் ரொம்பத் திட்டிட்டேனா?"

 கதவைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயின.

"இல்ல மாமா."

"நல்ல பையன். சிரிச்ச முகம். டெஸ்ட்ல பாஸா?"

அவள் குனிந்து அவர் பெல்ட்டை விடுவித்தாள். நெஞ்சுக்குக் குறுக்கே இன்னும் மஞ்சளாக மிச்சமிருந்த அந்தக் கன்றலின் மேல் வார் உரசாமல், மெதுவாக அதைத் தூக்கி எடுத்தாள். இப்போதுதான் கண்ணீர் வந்தது. துடைக்காமலே அவர் கையைப் பிடித்து இறக்கினாள்.

"பாஸ், மாமா."

"எனக்குத் தெரியும்" என்றார் மாஸ்டர். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். "நாளைக்கு வரச் சொல்லு."

"சொல்றேன் மாமா" என்றாள்.